நூல் வாங்கப் போகும் இடம்

'இன்னும் ரெண்டே நிமிஷம், அப்புறம் எழுந்துடலாம்.' இப்படி நினைத்தே ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி, யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

பூங்காவின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கால் ஆடும் மர பெஞ்ச். தினமும் நாலு மணிக்கு அவள் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு, "நூல் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லி இங்கே வந்துவிடுவாள். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, திரும்பும்போது நிஜமாகவே ஒரு நூல்கண்டு வாங்குவாள். வீட்டில் மூன்று டிராயர் நிரம்பிவிட்டது. "அண்ணி, சட்டை தைக்கிறீங்களா, இல்ல தெருவையே சேர்த்துத் தைக்கப் போறீங்களா?" என்று கொழுந்தன் கேட்டிருந்தான்.

அண்ணி. அவன் ஆரம்பித்து வைத்தது. பக்கத்து வீடு, பால்காரர், பேன்ட்டை உயரம் குறைக்கக் கொண்டுவருபவர்கள் என்று எல்லோருக்கும் இப்போது அவள் அண்ணிதான். சில சமயம் கணவரே அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். அதில் அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் இந்த இருபது நிமிஷம் மட்டும் யாரும் அவளை எதுவும் கூப்பிடுவதில்லை. தனக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்கே இங்கே வந்தால்தான் தெரிகிறது. பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. அணிலுக்குச் சட்டை தைத்தால் கழுத்தை எங்கே வெட்டுவது என்று நேற்று முழுக்க யோசித்தாள்.

செருப்புச் சத்தம். திரும்பினால், குடும்பமே வந்துகொண்டிருந்தது. முன்னால் மகள், பின்னால் கணவர், கொழுந்தன், அவன் மனைவி. கடைசியில், கையில் டிரில்லிங் மெஷினோடு பூங்கா நிதியின் செயலாளர். ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன்.

'மாட்டிக்கிட்டேன்.'

"என்ன, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறீங்க?"

"நீ மட்டும் சொல்லிட்டா வந்தே?" என்றார் கணவர்.

"போன மாசமே பாத்துட்டேன்மா," என்றாள் மகள். "நூல் கடை அந்தப் பக்கம். நீ இந்தப் பக்கம் திரும்பறே."

"அக்கா, உங்களுக்கு இந்த இடம் எவ்வளவு பிடிக்கும்னு தெரிஞ்சதும், நாங்க எல்லாரும் சேர்ந்து உங்க பேர்ல பூங்கா நிதிக்குக் கொடுத்திருக்கோம்," என்றாள் ஓரகத்தி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அக்கம்பக்கத்தார் கொடுப்பதை வைத்துத்தான் அந்த நிதி நடக்கிறது. போன வருஷம் ஊஞ்சல் சங்கிலி மாற்றினார்கள். இந்த முறை ஒழுகும் தொட்டிக் குழாயை மாற்றி, நடைபாதை ஓரம் நிழல்மரக் கன்றுகள் வைக்கப் போவதாகச் செயலாளர் சொன்னார். கொடுத்தவர் பெயரில் ஒரு பெஞ்சுக்குப் பித்தளைப் பலகை போடுவது வழக்கம். கொழுந்தன் காகிதத்தைப் பிரித்துப் பலகையைக் காட்டினான்.

'அண்ணியின் இருக்கை.'

"இனிமே தேடவே வேண்டாம். அவசரம்னு யாராவது வந்தா நேரா இங்கயே அனுப்பிடுவேன். அட்ரஸ்தான் பலகையிலயே இருக்கே!" என்றான் கொழுந்தன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று தேய்த்திருந்தார்கள். இவ்வளவு ஆசையாகச் செய்ததை எப்படி வேண்டாம் என்பது? வாங்கிக்கொண்டால் நாளை நாலு மணிக்கு எங்கே போவது?

செயலாளர் குந்தி உட்கார்ந்து, சாய்மானத்தில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தார். "இங்க போட்டுடலாமா அண்ணி?"

இவருமா!

அவள் புள்ளிகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"குழாய் மாத்துங்க சார். கன்னும் வைங்க, தினம் நானே தண்ணி ஊத்தறேன். பலகை மட்டும் வேண்டாம்."

"வழக்கமா எல்லாருக்கும்..."

"தெரியும் சார். ரொம்ப அழகா இருக்கு. வீட்டுல மெஷினுக்கு மேல மாட்டிக்கறேன்."

கொழுந்தன் வாயைத் திறந்தான். ஓரகத்தி அவன் கையைக் கிள்ளினாள். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, மணியாச்சு. வா, எல்லாரும் சேர்ந்தே வீட்டுக்குப் போலாம்," என்றார் கணவர்.

அவள் கையை எடுக்கவில்லை.

"நீங்க முன்னால போங்க," என்றாள். "நான் நூல் வாங்கிட்டு வரேன்."