காணிக்கைப் பூசணி

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு வந்த காணிக்கைகளை ஏலம் விட்டதில் ஒரு பூசணிக்காய் ஒரு லட்சத்துக்குப் போனது என்றால் கோத்தகிரி பக்கம் யாரும் நம்ப மாட்டார்கள். எல்சாவும் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் அது அவள் வீட்டுக் கொடியில் காய்த்து, அவளே சுமந்துவந்து பீடத்துக்கு முன்னால் வைத்த பூசணி. கண்ணெதிரே போனதை நம்பாமல் என்ன செய்வது?

ஏலம் எடுத்தவர் கீர்த்திவாசன். மலை முழுக்கத் தேயிலை பேக்டரிகளுக்கு நிலக்கரி விற்கும் கோயமுத்தூர் கம்பெனியின் பெரிய அதிகாரி. சபையைச் சேர்ந்தவர் இல்லை. சர்ச்சுக் கூரை ஒழுகுகிறது என்று யாரோ அவர் காதில் போட, அழைக்காமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அவரைக் கண்டதும் ஏலம் போடும் தனசிங்குக்கு வாயெல்லாம் பல். மூன்றாம் தரம் சொல்லி முடித்ததும் கீர்த்திவாசன் எழுந்து, பூசணியைத் தூக்கி எல்சாவின் கையிலேயே கொடுத்தார்.

"மேடம் வீட்டுப் பூசணி மேடம் வீட்டுக்கே போகட்டுங்க!"

சபை கை தட்டியது. எல்சாவுக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. அந்தப் பூசணி எதற்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் பேரூராட்சிக் கூட்டம். மலையில் நிலக்கரி எரிக்கும் கொதிகலன்களை ஐந்து ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று ஒரு சட்ட வரைவு வந்திருந்தது. வியாழக்கிழமை சட்டமன்றக் குழு குன்னூருக்கு வந்து ஒவ்வொரு ஊரின் கருத்தையும் கேட்கப்போகிறது. 'இப்போது நிலக்கரி எரிக்கும் பேக்டரிகளுக்கு விலக்கு வேண்டும்' என்ற தீர்மானத்தைக் கம்பெனியே எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, எல்லாப் பேரூராட்சிக்கும் அனுப்பியிருந்தது. எரிக்கிற பேக்டரிக்கு எல்லாம் விலக்கு என்றால் சட்டம் யாரைத்தான் பிடிக்கும்? இன்னும் கட்டாத பேக்டரியையா? இதற்கு ஊர் மக்களின் கோரிக்கை என்று பெயர் வேறு.

எல்சாவும் ஒரு கவுன்சிலர். மற்றவர்களில் பாதிப் பேர் விலக்குக்கு ஆதரவு, பாதிப் பேர் எதிர்ப்பு. மிச்சமிருப்பது எல்சாவின் ஒரே ஓட்டு. ஏலம் போட்ட தனசிங்தான் பேரூராட்சித் தலைவரும். எல்சாவின் கணவர் பிராங்ளின் சபைச் செயலர். கூரைக்காக இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருப்பவர். கீர்த்திவாசன் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார்.

ஆனால் எல்சா மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவள். பேக்டரிப் புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் அவள் வார்டில் பாதி வீட்டுக்கு இன்ஹேலர் விற்பவள் அவள்தான். அந்த வார்டுப் பாலாமணி மூச்சு இரைக்கும் தன் மூன்று வயதுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தபோது, 'இந்தப் புகைக்கு ஒரு முடிவு கட்டறேங்கக்கா' என்று வாக்குக் கொடுத்துத்தான் தேர்தலிலேயே நின்றாள். அந்த வாக்கைப் பூசணிக்கு விற்பதா?

அவள் பூசணியைக் கீழே வைத்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

"ஏனுங்க சார், இந்தப் பணத்துக்குப் பதிலா எங்ககிட்ட ஏதாச்சும் எதிர்பாக்கறீங்களா?"

கீர்த்திவாசன் சிரித்தார். "ஐயோ, ஒண்ணுமில்லீங்க மேடம். ஆண்டவருக்குக் குடுக்கறதுல என்ன எதிர்பார்ப்பு?"

"அப்படின்னா இப்பவே கட்டிப்போடுங்க. நாளைக்கு ஓட்டு இருக்குது. அதுக்கு முன்னாடியே கணக்குத் தீந்துரட்டும்."

சபையே பதறிப்போனது. அந்தச் சபையில் ஏலப் பணத்தை அங்கேயே கேட்கும் வழக்கம் கிடையாது. கிறிஸ்துமஸுக்குள் அவரவர் வசதிப்படி கொண்டுவந்து கட்டுவார்கள், கேட்பது மானக்கேடு. வாழைத்தார் எடுத்த ஏழையிடமே கேட்காதவர்கள், விருந்தாளியிடம் கேட்கலாமா? பிராங்ளினின் முகம் சுண்டிப்போனது. ஆயர் தலையைக் குனிந்துகொண்டார்.

கீர்த்திவாசன் மழுப்புவார் என்று எல்சா நினைத்தாள். அவரோ சட்டைப் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்து, எல்லாரும் பார்க்க எழுதி, பிராங்ளினின் கையில் கொடுத்தார். கைதட்டலில் ஓட்டை விழுந்த கூரை அதிர்ந்தது. ஜெயித்தது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எல்சாவுக்கே தான் வசமாக மாட்டிக்கொண்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் பிராங்ளின் வெடித்தார்.

"ஊரு முன்னாடி அந்த மனுசனைக் கடங்காரனாட்ட நிக்க வெச்சுட்டியே! அவரு பெருந்தன்மையாக் குடுத்தாரு. நாளைக்கு நீ எதிர்த்து ஓட்டுப் போட்டா நன்றி கெட்டவங்கன்னு சபையையே பேசுவாங்க."

"ஒண்ணும் எதிர்பாக்கலைன்னு அவரு வாயாலயே சொன்னாருங்களே. உங்களுக்குக் கேக்கலைங்களா?"

"அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றது."

"அப்ப அது காணிக்கை இல்லீங்களே."

ராத்திரி அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். எல்சாவுக்கு வலித்தது. கம்பெனியை எதிர்ப்பது அவளுக்குப் பெரிதில்லை. கட்டிய மனிதர் முகம் திருப்பிக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்காக வாக்கை மாற்றிக்கொள்ள மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் தனசிங் தீர்மானத்தை அவசர அவசரமாக வாசித்தார். விலக்கை ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். அவர் எல்சாவைப் பார்த்துத் தலையசைத்தார், கூட்டத்தை முடித்துவிடலாம் என்பதுபோல. எல்சா கையை மடியிலேயே வைத்திருந்தாள். எதிர்ப்பவர்களைக் கேட்டபோது தூக்கினாள்.

"எல்சாம்மா, நேத்துத்தான சர்ச்சுல..." என்று ஆரம்பித்தார் தனசிங்.

"நேத்து அவரு எதையும் எதிர்பாக்கலைன்னு சொல்லித்தான் செக் குடுத்தாரு. நீங்கதானுங்க முதல்ல கை தட்டுனீங்க. எண்ணிச் சொல்லுங்க, தலைவரே."

எண்ணினார். விலக்குத் தீர்மானம் ஒரு ஓட்டில் தோற்றது. சட்டத்தை அப்படியே கொண்டுவரச் சொல்லும் தீர்மானத்தை எல்சா முன்மொழிந்தாள். அதே ஒரு ஓட்டில் அது நிறைவேறியது.

வெளியே வராந்தாவில் கீர்த்திவாசன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சிரிப்பைக் காணோம்.

"மேடம், பேங்குக்கு நான் ஒரு போன் போட்டாப் போதும். அந்தச் செக் பாஸ் ஆகாது. உங்க கூரையைப் பத்தி உங்க சபைக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க."

"சொல்றேனுங்க. நேத்து ஏன் குடுத்தீங்க, இன்னைக்கு ஏன் நிறுத்தறீங்கன்னு சேத்தே சொல்றேன். வியாழக்கிழமை குன்னூர்ல அந்தக் கமிட்டி முன்னாடியும் சொல்றேன்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்து, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து நிறுத்திக்கொண்டார். எல்சா திரும்பினாள். பிராங்ளின் நின்றிருந்தார். பேங்குக்குப் போகிற வழியில், மனைவி என்ன செய்கிறாள் என்று பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து செக்கை எடுத்துக் கீர்த்திவாசனிடம் நீட்டினார்.

"போன் போடற சிரமம் உங்களுக்கு வேண்டாங்க. நான் இன்னும் பேங்குல போடலை. காணிக்கைன்னு நம்பித்தானுங்க வாங்குனேன்."

கீர்த்திவாசன் வாங்கத் தயங்கினார். பிராங்ளின் அதை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். எல்சாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஆள் முன்னால் அழுவதாவது!

படியிறங்கும்போது பிராங்ளின் கேட்டார், "வியாழக்கிழமை குன்னூருக்கு எந்த பஸ்ஸுக்குப் போகோணும்?"

"ஏனுங்க, உங்களுக்கெதுக்கு அலைச்சல்? நான் போய்ச் சொல்லிக்க மாட்டனா?"

"நீ கவுன்சிலராச் சொல்லு. செக்கைக் கையில வாங்குனவன் நான். என்ற பங்கையும் சொல்லோணுமில்ல?"