மூன்றாவது பத்தி

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தண்டனைப் பக்கத்தைத் திருப்பியபோதுதான், என் முன்னால் இருந்த அலுவலகப் பிரதியில் மூன்றாவது பத்தி கண்ணில் பட்டது. கோடு விட்டிருக்க வேண்டிய இடத்தில் கோடு இல்லை. ‘பன்னிரண்டு ஆண்டுகள்’ என்று, நானே அடித்த எழுத்தில், கறுப்பாக, ஒன்றும் அறியாததுபோல உட்கார்ந்திருந்தது. மேலே ஐயா முதல் பத்தியை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடமாக நான் கோர்ட்டில் சுருக்கெழுத்தர். நீதிபதி சொல்வார், நான் எடுப்பேன், அடிப்பேன், அவர் கையெழுத்துப் போடுவார். தீர்ப்பு என்பது நீதிபதியின் வாயிலிருந்து பிறக்கிறது என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். பாதி பழைய ஃபைலிலிருந்து பிறக்கிறது. அதேபோன்ற வழக்கின் தீர்ப்பைத் திறந்து, பெயரை மாற்றி, தேதியை மாற்றி, சட்டப் பிரிவுகள் ஒன்றாக இருந்தால் அந்தப் பக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு மேலே அடித்துக்கொண்டு போவோம். எல்லோரும் செய்கிறோம், யாரும் சொல்வதில்லை. எங்கள் ஐயாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எத்தனை வருடம் என்பதை மட்டும் அவர் வாயால் சொல்லி எழுத வைக்க மாட்டார். “நம்பர் வர்ற இடத்துல கோடு போட்டு விட்டுருங்கம்மா. அவங்க வீட்டாளுங்க பேசறதைக் கேட்டுட்டு நானே போட்டுக்கறேன்” என்பார். தீர்ப்பு நாள் காலையில் அவர்கள் பேசுவதைக் கேட்பார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நீல மைப் பேனாவால் ஒவ்வொரு கோட்டையும் தேடித் தேடி நிரப்புவார். கோடு இல்லாத இடத்தில் அந்தப் பேனா நிற்காது. கண் ஆபரேஷனை அவர் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருவதும் எனக்குத் தெரியும்.

இந்த வழக்கில் குற்றவாளி ஒரு கணக்கு ட்யூஷன் மாஸ்டர். நாற்பது வயது, ஒல்லி, சட்டைப் பையில் இரண்டு பேனா. கிரிப்டோ என்ற கண்ணுக்குத் தெரியாத காசில், எங்கேயோ இருக்கும் ஒரு பயங்கரவாதக் கும்பலுக்கு இருபத்தாறு தடவை பணம் அனுப்பியிருக்கிறார். ஆட்களிடம் பணம் திரட்டியவர் ஒரு துணிக்கடைக்காரர். அதை அந்தக் காசாக மாற்றி, போன் மூலம் அனுப்பி வைத்தவர் மாஸ்டர். பேங்க் இல்லை, ரசீது இல்லை, அனுப்பியவர் பெயரும் இல்லை. பெறுபவரின் விலாசம் என்பதே எழுத்தும் எண்ணும் கலந்த முப்பத்து நான்கு எழுத்துக் கொத்து. அதை இருபத்தாறு தடவை நான் அடிக்க வேண்டியிருந்தது. அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒன்றில்கூடப் பிழை இல்லை என்று நேற்று சாயங்காலம் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். துணிக்கடைக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அவர் வழக்கைத் தனியாகப் பிரித்து, போன மாதமே பன்னிரண்டு வருடம் கொடுத்தாயிற்று. அவருடைய தீர்ப்பின் மேல்தான் மாஸ்டரின் தீர்ப்பை அடித்தேன். மூன்று பிரிவுகள், மூன்று பத்திகள். இரண்டில் எண்ணை அழித்துக் கோடு விட்டிருக்கிறேன். மூன்றாவதில் விட்டுவிட்டேன்.

அந்தக் காசில் வாங்கிய சாமான் ஒரு பஸ் நிலையத்தில் வெடித்தது. நான்கு பேர் செத்தார்கள். ஒருத்திக்கு ஏழு வயது. அப்பா ஓட்டும் பஸ் வரட்டும் என்று பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அவளுடைய பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் நான்தான் அடித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாஸ்டர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் அவர் போனிலிருந்து எடுத்த செய்திகளில் ஒரு வரி இருந்தது. பதினேழாவது தடவை பணம் அனுப்பும்போது அவர் எழுதியது: ‘குழந்தைங்க இருக்கற இடமா வேணாம்.’ எதற்குப் போகிறது என்று தெரிந்தேதான் அனுப்பினார் என்பதற்கு இதுவே சாட்சி என்றார் அரசு வக்கீல். அந்த மனுஷனுக்குள் ஈரம் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி என்றார் அவருடைய வக்கீல். அந்த வரி வந்ததும் ஐயா எனக்குத் தீர்ப்பைச் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். ஃபேன் சுற்றுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஒரு வரி இல்லைன்னா எனக்கு வேலை சுலபமா இருந்திருக்கும்மா.”

இன்று காலை மாஸ்டரின் மனைவி பேசினாள். பிழியப் பிழிய அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. “அவர் செய்யலைன்னு சொல்ல வரலைங்க. பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவ ஸ்கூல் முடிக்கறதுக்குள்ள அவர் வந்துட்டாப் போதும். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலை” என்றாள். செத்துப்போன ஏழு வயதுப் பெண்ணின் அப்பாவான அந்த பஸ் டிரைவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஐயா கேட்டார். அவர் எழுந்து நின்றார். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார்.

“நீங்க எவ்வளவு சொன்னாலும் எனக்குக் கம்மிதாங்க ஐயா. அதனால என்னைக் கேக்காதீங்க.”

“முதல் பிரிவின் கீழ், ஏழு ஆண்டுகள்” என்று இப்போது ஐயா வாசித்தார்.

மாஸ்டரின் மனைவியைப் பார்த்தேன். மடியில் வைத்திருந்த கைகளில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் ஐந்து, வலது கையில் இரண்டு. ஒன்பதும் ஏழும் பதினாறு. அவள் தோள் சற்றே தாழ்ந்தது. மூன்று தண்டனையையும் ஒரே காலத்தில் அனுபவிக்கலாம் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆக, மூன்றில் எது பெரிதோ அதுதான் கணக்கு. ஐயா வாயால் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், அப்புறம் அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. அடுத்த கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

நான் உடனே எழுந்திருக்க வேண்டும். ஐயாவின் மேஜை என் தலைக்கு மேலேயேதான் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டு எழுதி நீட்டினால் போதும். ஆனால் முன்வரிசையில் டிரைவர் இருந்தார். ‘ஏழு’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் ஒருமுறை தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டு ஆட்டியது அல்ல. இவ்வளவுதானா என்று ஆட்டியது. அவர் மகள் இருந்ததும் ஏழே வருடம். பன்னிரண்டாகவே இருக்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? துணிக்கடைக்காரனுக்கு ஒரு நியாயம், படித்தவருக்கு ஒரு நியாயமா? ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவள் நான், மூன்றாவதை நானே எழுதி நீட்ட வேண்டுமா? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு பேனாவைக் கையில் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐயா நிதானமாக இரண்டாவது பத்தியை வாசித்தார்.

“இரண்டாவது பிரிவின் கீழ், ஐந்து ஆண்டுகள்.”

கூண்டில் நின்ற மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை ஹாலில் நேரம் முடியப்போகிறது என்று பார்க்கிற முகம். அவரைச் சிறைக்கு அனுப்புவது சட்டம் என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். இப்போது சும்மா இருந்தால் அனுப்புகிறவள் நானாகிவிடுவேன். கை தன்னால் எழுதியது. ‘மூன்றாவது பத்தி. எண் பழைய ஃபைலிலிருந்து வந்தது. என் தவறு.’ எழுந்து நீட்டினேன். நாற்காலி தரையில் கிரீச்சிட்டது. ஹால் முழுக்க என்னைத்தான் பார்த்தது.

ஐயா சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாசித்தார். தீர்ப்பைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார். டிரைவரைப் பார்த்தாரா, மாஸ்டரைப் பார்த்தாரா என்று கீழே இருந்த எனக்குத் தெரியவில்லை. அரசு வக்கீல் லேசாகக் கனைத்தார். பிறகு பேனா ஏதோ எழுதியது. என்ன எழுதுகிறார் என்பதும் தெரியவில்லை.

“மூன்றாவது பிரிவின் கீழ்,” என்றவர் சீட்டைக் கீழே வைத்தார். “பன்னிரண்டு ஆண்டுகள்.”

மாஸ்டர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அரை மணி நேரம் கழித்து ஐயா அறைக்குக் கூப்பிட்டார். ஃபைல் மேஜையில் திறந்திருந்தது. நான் அடித்த ‘பன்னிரண்டு’ மேல் நீல மையால் குறுக்கே கோடு இழுக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே அவர் கையெழுத்தில், ‘பன்னிரண்டு’. பக்கத்தில் சுருக்கொப்பம்.

“எப்போ பாத்தீங்க?”

“நீங்க முதல் பத்தி வாசிக்க ஆரம்பிக்கும்போது, ஐயா.”

“சீட்டு குடுத்தது ரெண்டாவது முடிஞ்சப்புறம்.”

நான் தரையைப் பார்த்தேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். அவருக்கு வயதாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

“ஐயா, அந்த இடத்துல நான் கோடு விட்டிருந்தா...”

“நீங்கதான் கோடு விடலையேம்மா.”

முன்பே பார்த்துவிட்டுத்தான் விட்டிருந்தாரா, பார்க்கவே இல்லையா, நான் அடித்த எண்ணைப் பார்த்ததும் அதுவே சரி என்று பட்டதா? அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். துண்டுச் சீட்டை எடுத்து ஃபைலுக்கு மேலே வைத்தார். குண்டூசி குத்தவில்லை.

“இது கோர்ட்டுல என் கைக்கு வந்த காகிதம். ஃபைல்ல இருக்க வேண்டியதுதான். அப்பீல் போறவங்க வக்கீல் பாத்தா விடமாட்டாரு, எண் எங்கேருந்து வந்துச்சுன்னு நோண்டுவாரு. அவங்களுக்கு நல்லதாக்கூட முடியலாம். உங்க வேலைக்கு நல்லதில்லை.” பேனாவை மூடினார். “எழுதினது நீங்க, ஃபைல்ல வைக்கறதா வேணாமான்னு நீங்களே பாத்துக்குங்க. போய் ஃபேர் காப்பி போடுங்க.”

ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, சீட்டை உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். டிரைவர் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். ஏழுக்குப் பதில் பன்னிரண்டு கிடைத்த மனிதரின் நடை மாதிரி இல்லை. காலையில் வந்த அதே நடைதான். என் அறைக்குப் போகும் வராந்தாவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து பெஞ்சில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கைதி வண்டி கிளம்பிவிட்டது, இனி இங்கே அவளுக்கு வேலை இல்லை. என்னைக் கண்டதும் எழுந்தாள். வேறு பக்கமாகப் போய்விடலாமா என்று பார்த்தேன், அந்த வராந்தாவுக்கு வேறு பக்கம் கிடையாது.

“அக்கா, ஒரு நிமிஷம்” என்றாள். குரலில் சண்டை இல்லை. “ஏழுன்னாரு. அப்புறம் அஞ்சுன்னாரு. நீங்க எந்திரிச்சு ஒரு சீட்டு குடுத்தீங்க. அதுக்கப்புறம்தான் பன்னெண்டுன்னாரு.”

சீட்டு இருந்த கையை ஃபைலுக்கு அடியில் நகர்த்தினேன்.

“அந்தச் சீட்டுல என்னக்கா எழுதியிருந்துச்சு?”

அவள் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கின. இடது கையில் ஐந்து விரல், வலது கையில் இரண்டு விரல், ஹாலில் மடக்கியது மடக்கியபடியே இருந்தன. பிரித்துவிட மறந்துபோயிருந்தாள். வேர்வையில் நனைந்துகொண்டிருந்த சீட்டை நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த விரல்களையே பார்த்தபடி நின்றேன்.