கால் நீட்டும் நேரம்

பிச்சைமுத்துக் கங்காணி என்னை அடித்தபோது நான் செய்த குற்றம், இடுப்பை நிமிர்த்தியதுதான். விடிந்ததிலிருந்து குனிந்தபடி மரவள்ளிக்கு மேடு வெட்டிக்கொண்டிருந்தவள், ஒரு மூச்சு விட நிமிர்ந்தேன். மறுபடி மண்வெட்டியை ஓங்கினேன். அந்த நேரம் பார்த்து முதுகில் பிரம்பு விழுந்தது. மண்வெட்டி கைதவறி என் இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பு தெரிகிற ஆழத்துக்கு இறங்கியது.

"நிமிந்து வேடிக்க பாக்கவா ஒனக்குப் படி அளக்குறோம்? குனி" என்றான்.

குனிந்தேன். வேறென்ன செய்ய?

ஜப்பான்காரன் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மலாயாவில் லகாட் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், பாதி ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி போடச் சொல்லியிருந்தார்கள். என் புருஷன் பத்துமலையைச் சயாமுக்கு ரயில் போட ஏற்றிக்கொண்டு போய் எட்டு மாதம். மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்புவோம் என்று சொன்னவர்களின் முகம்கூட எனக்கு மறந்துவிட்டது. மிச்சம் இருந்தது நானும் எட்டு வயது மகள் முத்தம்மாவும்.

வாரம் ஒரு தடவை, காலைப் பெரட்டில் நாங்கள் வரிசையாக நிற்கும்போது, ஜப்பான் அதிகாரி ஒருவன் லோரியோடு வருவான். வீங்கியவர்கள், காய்ச்சல்காரர்கள், நொண்டுகிறவர்கள் எல்லோரையும் அடித்து அதில் ஏற்றுவான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகப் பேர். அதுவரை போன பதினோரு பேரில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை. அதனால் கால் வெட்டுப்பட்டவுடன் எனக்கு வலி தோன்றவில்லை. நொண்டக்கூடாது என்பதுதான் தோன்றியது. நான் லோரி ஏறினால் முத்தம்மாவுக்கு நாதியில்லை.

பால்வெட்டுக்காரர்கள் நாங்கள் கத்தி பட்ட காயத்துக்கு மருந்து தேடிப் போகமாட்டோம். மரத்தைக் கீறி, வடிகிற பாலைத் தடவிக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் காய்ந்து தோல்போல ஒட்டிக்கொள்ளும். ரத்தம் நிற்கும், ஈ மொய்க்காது, வேலை ஓடும். சின்னக் கீறலுக்கு அது சரி. மண் அப்பிய அந்தப் பெரிய வெட்டுக்கு, கழுவக்கூடச் செய்யாமல், நான் அதையே பூசினேன். அவசரம். என் பிழைப்பு முழுக்க அவசரம்தான், அன்று மட்டும் என்ன புதுசாக?

கங்காணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவனும் எங்களோடு பால்வெட்டி, பிறகு கங்காணியானவன். வெள்ளைக்காரத் துரை ஓடியபோது பங்களாவில் விட்டுப்போன கம்பளிக் காலுறையை முழங்கால் வரை இழுத்து மாட்டிக்கொண்டு வெயிலில் திரிவான். அவன் காதுக்கு எட்டாத தூரத்தில் அவனுக்குக் காலுறைத் துரை என்று பெயர். என் கால் வெட்டுப்பட்ட அதே வாரம், சாகுபடி குறைந்ததென்று அதிகாரி அவனை எல்லோர் முன்னாலும் கன்னம் கன்னமாக அறைந்து, பூட்ஸ் காலால் முழங்காலுக்குக் கீழே உதைத்தான். காலுறை ரத்தத்தில் நனைந்தது. அன்று முழுக்க எங்களுக்கு இரண்டு மடங்கு அடி.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நான் லயத்து வீட்டுக்குள் நுழைந்ததும் முத்தம்மா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவள் முழங்கை புண்ணில் இடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அறைந்தேன். அவள் சுவரில் போய் மோதினாள். அதோடு விட்டேனா? விளக்குமாற்றை எடுத்து, அது சிதறுகிற வரை அடித்தேன். அவள் கத்தவில்லை. கத்தினால் இன்னும் விழும் என்று என்னிடமே கற்றுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக் காளியம்மா உள்ளே வந்து விளக்குமாற்றைப் பிடுங்கினாள். முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரசருக்குக் கூடமாட வேலை செய்தவள். வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு.

"கங்காணி அடி ஒனக்கு. ஒன் அடி இவளுக்கு. இவ போயி யார அடிப்பா லா? பூனையவா?"

அவள் மூக்கைச் சுளித்தாள்.

"வீட்டுல எலி கிலி செத்துக் கெடக்கா?"

"இல்லக்கா."

"அப்ப செத்துக்கிட்டு இருக்கிறது நீதான். கால காட்டு."

பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். மேலே பால் தோல் பளபளவென்று இருந்தது. அதன் கீழே கால் கறுத்து, தொட்டால் குழைந்தது. பால்வெட்டும் கத்தியை அடுப்புத் தணலில் காட்டி, என் வாயில் துணியைத் திணித்து, அந்தத் தோலைக் கிழித்தெடுத்தாள். பீறிட்டு வந்த சீழ் அவள் சேலையெல்லாம் தெறித்தது. அழுகிய சதையை அவள் சுரண்டச் சுரண்ட நான் துணியைக் கடித்துக் கிழித்துவிட்டேன். முத்தம்மா மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே அனுப்ப எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"காலையிலயும் சாயங்காலமும் உப்புத் தண்ணியில கழுவு. உப்பு நான் தாரேன், கொஞ்சம் பதுக்கி வச்சிருக்கேன். கட்டுற துணிய வேக வச்சுக் கட்டு. வேல விட்டு வந்ததும் அடுப்பு மூட்டாத. கால நீட்டி, வாளியக் கவுத்து அது மேல வச்சு, அர மணி நேரம் உக்காரு."

"அர மணி உக்காந்தா ஆக்குறது யாரு?"

"அர மணி பட்டினி கெடந்தா யாரும் சாவ மாட்டாங்க. நீ உக்காரலன்னா செத்துருவ."

எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த வலியிலும். பெண்பிள்ளை கால் நீட்டி உட்கார்ந்தால் வீடு விளங்காது என்று மாமியார் இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நான் கால் நீட்டியது பிரசவத்தின்போது மட்டும்தான். அதுவும் ஏழு நாள். எட்டாம் நாள் பால்வாளி தூக்கினேன்.

முதல் நாள் முள்மேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது. அடுப்பு, தண்ணீர், துணி என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. யாராவது வாசலைக் கடந்தால் காலை மடக்கிக்கொள்வேன். இரண்டாம் நாள் அவ்வளவு கூச்சமில்லை. மூன்றாம் நாள், செய்ய ஒன்றுமில்லாமல், என் மகளைப் பார்த்தேன்.

அவள் கதவோரமாக நின்றாள். என் கை எட்டாத தூரம் எவ்வளவு என்று அளந்து வைத்ததுபோல், சரியாக அங்கே. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினேன். சட்டென்று அவள் கண்ணை மூடி, தோளைக் காதுவரை குறுக்கினாள். பிரம்பு விசிறும் சத்தம் கேட்டால் நான் எப்படிக் குறுகுவேனோ, அதே குறுகல்.

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சரியான வார்த்தை எனக்குத் தெரியவில்லை. பிச்சைமுத்து நாசமாய்ப் போகவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறவள் நான். இவள் யாரை நினைத்து என்ன வேண்டிக்கொள்வாள்? இத்தனை வருஷ ஓட்டத்தில் ஒரு தடவைகூட இந்தக் குறுகலை நான் கவனித்ததில்லை. உட்கார்ந்திராவிட்டால் சாகிறவரை கவனித்திருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு அந்த அரை மணியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவளை அடித்ததும் இல்லை. மற்ற நேரங்களில் இரண்டு தடவை கை போயிற்று, பொய் சொல்லமாட்டேன்.

உட்காரப் பழகிய பிறகு நடக்கவும் பழகினேன். அவசரப்பட்டால்தான் நொண்டல் வெளியே தெரிகிறது. பாதத்தை முழுசாக ஊன்றி, பாரம் இறங்கிய பிறகு அடுத்த காலை எடுத்தால் யாருக்கும் தெரியாது. லயத்திலிருந்து வேலைக்காட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே பழகினேன். கங்காணி மட்டும் ஒரு மாதிரி பார்த்தான். இப்போதெல்லாம் அவனும் அதிகம் அலைவதில்லை, ஏதாவது மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டே பிரம்பை ஆட்டினான்.

லோரி வந்த அடுத்த இரண்டு பெரட்டில் பின்வரிசையில் நின்று தப்பித்தேன். மூன்றாவதில் அதிகாரி மூன்று விரலைக் காட்டினான். இன்றைக்கு மூன்று பேர் வேண்டும். தேர்ந்தெடுப்பது கங்காணி பாடு, குறைந்தால் அவன் தலை.

பிச்சைமுத்து முதலில் வயிறு வீங்கிய கிழவர் ஒருவரை இழுத்து விட்டான். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவர் வாயில் இடித்தான். பற்களைத் துப்பிக்கொண்டே அவர் லோரியில் ஏறினார். அடுத்தது காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த ஓர் ஆள். அவன் ஓடப் பார்த்தான். பிடித்து, மண்டை பிளக்கிற வரை அடித்து, தூக்கிப் போட்டார்கள். மூன்றாவதாகப் பிரம்பு என் பக்கம் நீண்டது. என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"கால் வெட்டு, துவான். நொண்டி" என்று அதிகாரியிடம் சொன்னான்.

அதிகாரி சற்றுத் தள்ளிக் கிடந்த எண்ணெய்ப் பீப்பாயைக் காட்டி, "ஜாலான்" என்றான். நடந்து காட்ட வேண்டும். போய்த் தொட்டுத் திரும்பினால் நாற்பது அடி இருக்கும். குழந்தைகள் இருக்கும் ஆயாக்கொட்டகை வாசலில் காளியம்மா முத்தம்மாவின் கண்களைக் கையால் பொத்தியபடி நின்றாள்.

நடந்தேன். பாதத்தை ஊன்றி, பாரத்தை இறக்கி, அடுத்த கால்.

"ஹயாக்கு" என்று கத்தினான். சீக்கிரம் என்று அர்த்தம். அந்த வார்த்தை தெரியாதவர் தோட்டத்தில் யாரும் இல்லை. நான் சீக்கிரப்படவில்லை. சீக்கிரப்பட்டால் கால் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் வந்து அறைந்தான். காதுக்குள் மணி அடித்தது. பாதத்தை ஊன்றினேன். மறுபடி அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் ஒழுகியது. அடுத்த கால். பீப்பாயைத் தொட்டுத் திரும்பும்போது சிப்பாய் தோளில் கட்டையால் ஓங்கிப் போட்டான். உள்ளே ஏதோ முறிந்தது எனக்கே கேட்டது. விழவில்லை. வலியை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்று எனக்கு அரை மணி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

திரும்பி வந்து நின்றேன். அதிகாரி குச்சியால் என் சேலையை முழங்கால்வரை தூக்கினான். கட்டை அவிழ்த்தான். புண் இருந்தது. ஆனால் சிவப்பாக, சுத்தமாக, ஓரத்தில் புதுத்தோல் கட்டி இருந்தது. குச்சி முனையை அதில் அழுத்தித் திருகினான். நான் சத்தம் போடவில்லை. குச்சியை மோந்து பார்த்தான். நாற்றம் இல்லை.

"பாக்கேரோ" என்று திட்டிக்கொண்டே கங்காணிமேல் பாய்ந்தான். வேலைக்காகிற ஆளை ஏன் காட்டினாய் என்ற கோபம். அறைந்து அறைந்து அலுத்து, கடைசியில் பூட்ஸ் காலால் பழைய இடத்திலேயே உதைத்தான்.

பிச்சைமுத்து போட்ட அலறலை நான் எந்த மனிதனிடமும் கேட்டதில்லை. விழுந்தவன் எழவில்லை. பத்தடி தள்ளி நின்ற எனக்கு அந்த நாற்றம் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த நாற்றம். சிப்பாய் காலுறையை உருவப் பார்த்தான், வரவில்லை. உள்ளே பிச்சைமுத்துவும் ரப்பர் பால் பூசியிருந்தான். பாலும் கம்பளியும் சதையும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. பிய்த்தார்கள். அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து யாருக்கு என்ன லாபம்? அவன் தலையில் கட்டை விழ விழ, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன்.

அவனை லோரிக்கு இழுத்துப்போனபோது என் பக்கமாகத்தான் போனார்கள். முகம் முழுக்க ரத்தம். அதற்குள்ளிருந்து ஒரு கண் என் காலைப் பார்த்தது.

"ஒனக்கு மட்டும் எப்புடி ஆறுச்சு, செல்லாயி?"

கேட்டது அதிகாரமில்லாத குரல். பழைய பால்வெட்டிப் பிச்சைமுத்துவின் குரல்.

"உக்காந்தேன், கங்காணியாரே."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியாது. லோரி கிளம்பிவிட்டது. மத்தியானத்துக்குள் புதுக் கங்காணி வந்தான், புதுப் பிரம்போடு. காலையில் இருந்த சந்தோஷம் அதற்குள் எங்கே போனதென்று தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முத்தம்மா வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். உப்புத் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை, அவளாகவே செய்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. முறியாத கையைத் தூக்கி அவள் தலையைத் தடவப் போனேன்.

அவள் கண்ணை மூடித் தோளைக் குறுக்கினாள்.

கை அந்தரத்திலேயே நின்றது. மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீயும் வந்து உக்காரு" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, என்னைப்போலவே காலை நீட்டினாள்.

என் கால் நாற்பது நாளில் ஆறியது. பத்துமலை திரும்பி வரவில்லை. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் மறுபடி வந்தான், மறுபடி பால் வெட்டினேன். ஒவ்வொரு சாயங்காலமும் நாங்கள் இருவரும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தோம். என் கை உயரும்போது அவள் கண்ணை மூடாமல் இருக்க நாலு வருஷம் ஆயிற்று.