எட்டு டன்னுக்கு மேல் ஒரு மூட்டையும் இல்லை

தூபானில் மக்காச்சோள அறுவடை உச்சத்தில் இருந்த பிப்ரவரியில், தீவனக் கம்பெனியின் போக்குவரத்து மேலாளர் பாக் ஹென்ட்ரோ எங்களைக் கிட்டங்கி வாசலுக்குக் கூப்பிட்டார். லாரிக்காரர்கள் பதினொரு பேர். ஆளுக்கு ஒரு லாரி, ஓட்டுவதும் நாங்களே. கசியாத்திக்கு மட்டும் இரண்டு. ஒன்றை அவளே ஓட்டினாள். சிவப்பு லாரியை கீதோ என்ற டிரைவர் ஓட்டினான்.

"திங்கக்கிழமையிலேருந்து கிலோவுக்குத் தொண்ணூறு ரூபியாதான்," என்றார் ஹென்ட்ரோ. அதுவரை நூற்றிருபது. சிதோவார்ஜோ ஆலையில் இறக்கும்வரை எல்லாச் செலவும் எங்களுடையது.

எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவரே பேசினார்.

"மூஞ்சிய ஏன் தொங்கப் போடுறீங்க? எட்டு டன் ஏத்துற எடத்துல பதினொன்னு ஏத்துங்க. ட்ரிப்புக்கு முப்பதாயிரம் கூடத்தான் கெடைக்கும்."

மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இருபதாம் தேதி எனக்கு டியூ. தலையாட்டத் தயாராகிவிட்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

கசியாத்திதான் ஐயா போட்டுக் கேட்டாள். "டயரு யாரு வாங்குவா, பாக்?"

"உங்க லாரி, உங்க டயரு."

"ஸ்பிரிங் பட்டை முறிஞ்சா? எடை மேடையில புடிச்சு அபராதம் போட்டா?"

"ஓட்டத் தெரிஞ்சவங்க மாட்ட மாட்டாங்க, இபு." அவரும் பதிலுக்கு அம்மா போட்டார்.

"அப்ப அந்த முப்பதாயிரத்த நீங்களே வச்சுக்குங்க. ஒரு டயர் இருபது லட்சம். ஒரு வருஷம் ஓடுற டயரு ஆறு மாசத்துல தேஞ்சிடும். உங்க கணக்குல டயரே இல்லையே."

டயரை மட்டும் நினைத்து அவள் பேசவில்லை. முந்தின ஆகஸ்டில் அவசரம் என்று சொல்லிக் கம்பெனிக்காரர்களே சிவப்பு லாரியில் பத்து டன் ஏற்றி அனுப்பினார்கள். பாபாத் ஊரைத் தாண்டியதும் பிரேக் பிடிக்காமல் லாரி வயலில் இறங்கியது. கீதோவுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. சிதறிப்போன மூட்டைகளின் விலையை அவளுடைய வாடகையில் கழித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவும் பட்டறைச் செலவும் அவள் தலையில். சிவப்பு லாரியின் டியூ அதிலிருந்துதான் தவறத் தொடங்கியது.

திங்கட்கிழமை வரிசையில் முதலாவதாக நின்றது அவள் ஓட்டும் லாரி. நூற்றறுபது மூட்டை, எட்டு டன், ஏறியதும் பின்கதவைப் போடச் சொன்னாள். சுமை தூக்குகிறவர்கள் இன்னும் அறுபது ஏற்றச் சொல்லி உத்தரவு என்றார்கள். அவள் டயரில் கால் வைத்து மேலே ஏறி, மூட்டைகளின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொன்னு ஏத்தணும்னா என் மடியில வைங்க. பாக்குறேன்."

முன்னால் வந்தவர் தோள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு கிராம்புச் சிகரெட் பற்றவைத்தார். பின்னால் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக எஞ்சினை அணைத்தன. கடைசியாக அணைத்தவன் நான்.

மறுநாள் காப்பிக் கடையில் ஹென்ட்ரோ அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எதையோ முணுமுணுத்தார். அவள் எங்கள் பக்கம் திரும்பி, என்னை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

"காங் தர்மின், கேட்டீங்களா? என் ரெண்டு லாரிக்கு மட்டும் பழைய ரேட்டாம். வெளிய சொல்லக் கூடாதாம். கம்பெனியில காசில்லன்னு யாரு சொன்னா?"

கடையே சிரித்தது. ஹென்ட்ரோ காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள் மதியம் பைனான்ஸ் ஆள் வந்தான். சிவப்பு லாரிக்கு மூன்று டியூ பாக்கி.

"இன்னைக்கு ஒன்னு கட்டுங்க, இபு. இல்ல, லோடு எடுக்குறேன்னு சொல்லுங்க, ஒரு வாரம் பொறுக்குறேன்."

நான் அவளைத் தனியே கூப்பிட்டேன். "லோடு எடுத்துக்கோ கசி. யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்."

"நான் நெனைப்பேன், காங்."

சிவப்பு லாரியிலிருந்து ஜாக்கி, கயிறு, தார்ப்பாய், கீதோவின் தொழுகைப் பாய் எல்லாவற்றையும் இறக்கினாள். முன் டயர் இரண்டும் புதிது, பேட்டரிக்கு மூன்று மாதம்தான் ஆகிறது என்று பைனான்ஸ் ஆளையே எழுதவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தாள். கீதோ அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. லாரி திருப்பத்தில் மறைந்ததும் என்னிடம் காப்பி கேட்டாள். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

அன்று மாலையே எங்களில் இரண்டு பேர் பதினொரு டன் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும். யாரும் திட்டவில்லை.

நான்காம் நாள் விடிந்ததிலிருந்து மழை. கிட்டங்கி நிறைந்துபோய், வெளித் திண்டில் அடுக்கியிருந்த சோளம் தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கியது. ஆலையிலிருந்து விடாமல் போன் வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு ஹென்ட்ரோ குடையோடு வந்தார். கிலோவுக்கு நூற்றுப் பன்னிரண்டு என்றார். எட்டு டன்னுக்கு மேல் இல்லை. கசியாத்தி அதை எழுதித் தரச் சொன்னாள். இரண்டு முறை படித்தாள்.

நூற்றுப் பன்னிரண்டு, நூற்றிருபது ஆகாது. அதை எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மிஞ்சிய ஒரு லாரியை அவளும் கீதோவும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். அவன் பேட்டாவை அவள் குறைக்கவில்லை. தன் பங்கைத்தான் குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் எடை போடும் இடத்தில் ஹென்ட்ரோ குத்தலாகக் கேட்டார். "ஒரு லாரிய விட்டுட்டு என்னத்த சாதிச்சீங்க, இபு?"

"இருக்குற லாரியில எவ்ளோ ஏத்தணும்னு இப்ப நான்தான் சொல்றேன், பாக்."

ஏப்ரலில் டீசல் விலை ஏறியது. இந்த முறை அவர் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. அன்று பதினொரு டன் ஏற்றாத ஒன்பது பேரும் சேர்ந்தே அவர் அறைக்குள் போனோம். பேச வேண்டியவன் நான் என்று வழியிலேயே முடிவாகியிருந்தது.