வண்டியைக் கழித்தால் மிச்சம்

ஒரு முறை, சிமெண்ட் மூட்டை ஏற்றிய என் லாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்தேன். பாலம் பாரம் தாங்காது என்று தெரிந்த பிறகு வேறு என்ன செய்ய? வண்டிக்குள் மனைவி, அவள் மடியில் காய்ச்சலோடு கைக்குழந்தை. பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று நுனிக்காலில் நடந்தேன்.

கேட்பவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உட்கார்ந்து மறுப்பவள் என் மனைவி ஒருத்திதான்.

"நீங்க தூக்கினா பாலத்துக்குப் பாரம் எப்படிக் குறையும்? உங்க எடையும்ல சேர்ந்து ஏறும்" என்பாள்.

அவள் எடைமேடையில் வேலை பார்த்தவள். சரக்கோடு வரும் லாரியை மேடையில் நிறுத்தி எடை எடுப்பாள். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டியை மறுபடி நிறுத்துவாள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் சரக்கு. சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக்கூடச் சுரண்டிவிட்டு வரச் சொல்வாள். ஓட்டுநர்கள் வைத்த பெயர் தராசு. என்னைக் கட்டிக்கொள்ளப் பெண்கள் வரிசையில் நின்றார்கள், வரிசை எடைமேடைவரை நீண்டதால்தான் அவள் கண்ணில் பட்டேன். "வரிசையில நின்னது லாரிங்க" என்பாள் அவள்.

வீட்டுக்கு யாராவது வந்து நான் கதை அளக்க ஆரம்பித்தால் சமையலறையிலிருந்து குரல் வரும்: "வண்டியக் கழிங்க." கொஞ்சம் குறைப்பேன். "இன்னும் இருக்கு." இன்னும் குறைப்பேன். ஒரு இடத்தில் அவள் பேசாமல் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். எங்கள் வீட்டில் உண்மை என்பது அவள் வாய் மூடும் இடம். அதனால் நான் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வேலையை அவளிடம் விட்டுவிட்டு அளக்கிற வேலையைப் பார்த்தேன். பாலத்துக் கதை மட்டும் ஒரு நாளும் மிச்சம் வரை போனதில்லை. பாதியிலேயே எல்லாரும் சிரித்து முடித்துவிடுவார்கள், அவளும் சேர்ந்து.

போன வருஷத்திலிருந்து அவளுக்கு ஞாபகம் நழுவுகிறது. சாவியைத் தொலைத்தாள், பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைத் தொலைத்தாள். எனக்கு அப்போதெல்லாம் பயம் வரவில்லை. ஒரு காலையில், கடைத்தெருவில் கப்பல் ஒன்று குறுக்கே நின்றதால் பால் வாங்கி வர நேரமாகிவிட்டது என்றேன். "அப்படியா, பாவம்" என்றாள். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பழைய பேச்சைப் பேசுங்கள், எதையாவது பிடித்துக்கொள்வார்கள் என்றார் டாக்டர். தினமும் பாலத்தைச் சொல்கிறேன். அந்த ஒரு அதட்டலுக்காகக் காத்திருக்கிறேன். அவளோ சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டுகிறாள்.

அன்று மடியில் இருந்த கைக்குழந்தைக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. பார்க்க வந்தவள் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அளக்காம சொல்லுங்க. அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?"

சொல்ல உட்கார்ந்தேன். கொட்டும் மழையில் மூட்டைகளை இறக்கியது தெரிகிறது. அவள் பிள்ளையோடு முன்னால் நடக்க, நான் பின்னால் ஓட்டியதும் தெரிகிறது. அவள் ஸ்டியரிங்கில் இருக்க, நான் பாலத்துப் பலகையைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு முன்னால் போனதும் தெரிகிறது. மூன்றும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன. பட்டது எது, கதை கட்டியது எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

"ஏதோ ஒண்ணு நடந்திருக்கும்லப்பா?"

"கண்டிப்பா நடந்திருக்கும், பாப்பா. பாலத்த இடிச்சுட்டாங்க. ஆத்துக்கு வாய் இல்ல. மிச்சம் உங்கம்மாதான்."

இரண்டு பேரும் அவள் எதிரில் போய் உட்கார்ந்தோம். துவைத்த துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். நான் ஆரம்பித்தேன். அவள் சீண்டப்பட வேண்டுமே என்று இன்னும் ஏற்றினேன். லாரிக்குப் பின்னால் ஒரு பஸ், பஸ் நிறையக் கல்யாணக் கோஷ்டி.

"வலது தோள்ல லாரி, இடது கையில பஸ். என்ன தராசு, வண்டியக் கழிக்கட்டுமா?"

அவள் கை நின்றது. நெற்றி சுருங்கியது. முள் ஆட்டம் அடங்கும்வரை எடைமேடையில் காத்திருப்பாளே, அதே பார்வை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலது இல்ல" என்றாள் மனைவி.

என் நெஞ்சுக்குள் ஆயிரம் லாரி ஒன்றாக ஹாரன் அடித்தது.

"பின்ன?"

எழுந்து வந்து என் இடது தோளில் உள்ளங்கையை வைத்தாள். "இந்தப் பக்கம். பஸ்ஸெல்லாம் இல்ல. சும்மா அளக்காதீங்க."

"அப்ப லாரி?"

"லாரிதான். ரொம்ப வலிச்சுதா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தராசு, யோசிச்சுப் பாரு" என்றேன். என் குரலே எனக்குக் கெஞ்சலாகக் கேட்டது. "நான் தூக்கினாலும் பாலத்துக்கு அதே பாரம்தானே. நீதானே சொல்லுவ. லாரிய ஒரு மனுஷன் தூக்க முடியுமா?"

வாழ்நாளெல்லாம் ஏற்றியவன் கழிக்கிறேன், கழித்தவள் இறங்க மாட்டேன் என்கிறாள்.

"முடியாதுதான்" என்றாள், அடம்பிடிக்கிற பிள்ளையிடம் பேசுவது போல. தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆனா தூக்கினீங்க. நான் உள்ளதானே உக்காந்திருந்தேன். பாப்பா முழிக்கவே இல்ல."