தட்டுக் கழுவும் தூளும் இராமையாவின் லீக்ஸும்

ரோகினியின் தம்பி லண்டனிலிருந்து தட்டுக் கழுவும் மெஷின் ஒன்றைக் கப்பலில் அனுப்பினான். 2003ஆம் ஆண்டு அது எங்கள் குளிர் மலையூரான ராகலைக்கு வந்து இறங்கியபோது எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். ரோகினி பள்ளிக்கூட ஆசிரியை. சவர்க்காரம் பட்டால் அவளுக்குக் கை வெடித்துவிடும். அதனால் பகலெல்லாம் கந்தோரில் குமாஸ்தாக்களை அதிகாரம் செய்த நான், பின்னேரம் ராகலைத் தண்ணீரில் கை விறைக்கச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். மெஷினோடு வந்த தூள் இருந்தவரை சுகம்தான். சாப்பிட்டதும் பேப்பருக்குள் புகுந்துவிடுவேன்.

தூள் முடிந்தது. கொழும்பில் விற்ற வெளிநாட்டுத் தூளின் விலையைக் கேட்டதும், இனி வாழையிலையிலேயே சாப்பிடலாம் என்று தோன்றியது. நுவரெலியாவில் இரண்டு வகை மலிவாகக் கிடைத்தன. அட்டனில் கிடைத்தது அவற்றைவிட மலிவு. வாங்கலாம் என்றால் குறுக்கே இராமையா நின்றார். எங்கள் குசினியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் கீழேயிருக்கும் அவருடைய மரக்கறித் தோட்டத்துக்குத்தான் பாய்கிறது.

"ஐயா, ஒங்க தண்ணிய நம்பித்தான் லீக்ஸ் போட்டிருக்கேன். அந்த லண்டன் தூளுக்கே நுனியெல்லாம் மஞ்சளாப் போச்சுங்க," என்றார்.

பிழைப்பில் கை வைக்க முடியுமா? மூன்று பால்மா டின்களில் அவரே மூன்று லீக்ஸ் கன்றுகளை நட்டுக் கொடுத்தார். மூன்று தூளிலும் சின்னப் பைக்கற் ஒவ்வொன்று வாங்கி, ஒவ்வொன்றிலும் கழுவிய தண்ணீரை ஒவ்வொரு கன்றுக்கு ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து பார்ப்பார். எந்தக் கன்று பிழைக்கிறதோ அந்தத் தூளை வாங்குவோம்.

நுவரெலியாத் தூள்கள் இரண்டும் கன்றுகளைக் கொன்றுவிட்டன. அட்டன் தூளின் கன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. கந்தோரில் யாரையும் நான் அவ்வளவு அன்பாகப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை குசினி ஜன்னலால் பார்க்கிறேன், ரோகினி கேத்திலோடு நிற்கிறாள். ஆவி பறக்கப் பறக்க என் கன்றின் தலையில் ஊற்றுகிறாள்.

"குறை நினைக்காதை பிள்ளை. நீ தப்பினால் இந்த மனுசன் திரும்பப் பேப்பருக்குள்ள போயிடும். கோப்பை கழுவேக்கை மட்டும்தான் என்னோட கதைக்குது," என்று கன்றிடம் சொன்னாள்.

உள்ளே அடுப்பில் பால் பொங்கவும், கேத்திலை வைத்துவிட்டு ஓடினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு வெட்கமாகவும் இருந்தது. நான் கழுவ, அவள் துடைத்துக்கொண்டே தன் பள்ளிக்கூட அதிபரைப் போல நடித்துக் காட்டுவாள். சிரிப்பில் எத்தனையோ கோப்பைகளை நழுவவிட்டிருக்கிறேன். மெஷின் ஓடிய நாட்களில் வீட்டில் அதன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கன்று பொல்லாத கன்று. மாலையிலும் சாகாமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இராமையா வந்தார். தொங்கிக் கிடந்த கன்றைத் தொட்டுப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"ஐயா, இது மருந்துல செத்த மாதிரி தெரியலீங்களே. வெந்துல்ல போயிருக்கு."

"வெயில் கூடிப்போச்சு," என்றேன்.

அவர் வாசலை மூடிக் கிடந்த பனிமூட்டத்தைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஆமாங்க, ரொம்பக் கூடத்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாப்பிட்டு முடிந்ததும் ரோகினி துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள். நெடுநேரம் ஒரே கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, நான் அரைக் கேத்தில்தானே ஊத்தினனான்," என்றாள்.

"மிச்சத்தைப் பின்னேரம் நான் திரும்பக் கொதிக்க வைச்சு ஊத்தினனான். இந்தாரும், தட்டைப் பிடியும். கதையைச் சொல்லும்."