பனிமயத்தின் யன்னல்கள்

மழை முதலில் கண்ணாடியில் விழுந்தது. பிறகு கண்ணாடியே மழையாயிற்று. அதற்கப்பால் கடல், கடலுக்கு அப்பால் தீவு, எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்து வழிந்தன.

மழை யாரையும் கேட்கவில்லை. உள்ளே வந்தது.

பனிமயம் என்பது படகின் பெயர். பனியையே கண்டிராத கடலில், நீலச்சாயம் உரிந்த ஒரு பழைய மரப்படகு. தீவுக்கும் இக்கரைக்கும் இடையில் சனங்களை ஏற்றி இறக்குவது அதன் பிழைப்பு. சுக்கானைப் பிடிப்பவள் மெற்றில்டா. இயந்திரத்தோடு மல்லுக்கட்டுபவன் அவள் புருஷன் அருள்நேசன்.

படகறையின் யன்னல்கள் எல்லாம் ஒழுகின. மழைநாளில் சனங்கள் கூரையின் கீழும் குடை பிடித்தார்கள். போன கிழமை, கடைக்காரத் திரேசம்மாவின் சீனி மூட்டை நனைந்து, பாகாகி, இருக்கை நீளத்துக்கும் ஓடியது.

அதன் பிறகுதான் படகுச் சங்கத் தலைவர் யேசுராசா துறைக்கு வந்தார். வெள்ளை வேட்டி. கையில் குடை. குரலில் சர்க்கரை.

“மரப் போட்டுக்கு இனி ஓய்வு குடு பிள்ளை. ஒழுகிற போட்டுக்குச் சங்கம் ஓடுற முறை குடுக்காது. பைபர் போட் ஒண்டு நிக்குது, உன்ரை முறையை அதுக்குக் குடுப்பம். இது விறகுக்காவது உதவும்.”

முறை போனால் படகு போனது. படகு போனால் அவளுக்கு இந்தக் கடலில் ஒரு வேலையும் இல்லை.

“என்ரை போட் எரிக்கிறதுக்குச் செய்ததில்லை, அண்ணை” என்றாள் மெற்றில்டா. “ஞாயிறு பூசை முடிய எல்லாரும் வாங்கோ. வாளியோட வாங்கோ.”

அருள்நேசன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அன்றும் மழை பெய்தது. அவள் யன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். கடலைப் பார்க்கிறவர்களைப் போல அல்ல. களவு பிடிக்கக் காத்திருக்கிறவர்களைப் போல.

ஒவ்வொரு மாரிக்கு முன்னும் கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கன் பூசினார்கள். பூச்சின் மேல் பூச்சு. ஆனால் தண்ணீர் அந்த வழியால் வரவில்லை. கண்ணாடியில் இறங்கிய மழை, கண்ணாடி ஓடித் திறக்கும் மரத் தவாளிப்பின் பள்ளத்தில் தேங்கியது. தேங்கியது. நிரம்பியது. பிறகு, அமைதியாக, உள்பக்கம் வழிந்தது.

அவள் ஒரு திருப்புளியால் தவாளிப்பைக் கிண்டினாள். கறுப்பாய் ஒரு கட்டி பெயர்ந்தது. அதன் கீழே ஒரு சின்ன ஓட்டை.

“இஞ்சை வாங்கோ. இந்த ஓட்டையை ஆரப்பா அடைச்சது?”

அருள்நேசன் எட்டிப் பார்த்தான். “நான்தான். எல்லா யன்னலிலையும் இருந்தது. தண்ணி வருமெண்டு...”

“தண்ணி வாறதுக்கில்லையப்பா. போறதுக்கு விட்ட வழி.”

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவேண்டும். சிரிப்புத்தான் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அதற்காவது போக ஒரு வழி இருந்தது.

பிறகு வெயில் நாட்கள். ஐப்பசியின் களவு வெயில். கண்ணாடிகளைக் கழற்றித் துறையில் சாய்த்து வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன். யன்னல்கள் இல்லாத பனிமயம் கண் திறந்து தூங்குவது போல நின்றது. பழைய சிலிக்கனைச் சுரண்டினார்கள். உக்கிய மரத்தை வெட்டி எடுத்து, புது மரம் பொருத்தினார்கள்.

அடைத்த ஓட்டைகளின் விளிம்பும் உக்கிப்போயிருந்தது. அவள் புதிதாகத் துளைத்தாள். உள்ளிருந்து வெளியே, கீழ்நோக்கிச் சரிவாக. தண்ணீர் போகலாம். வரமுடியாது.

துறையில் நின்றவர்களுக்கு அதைவிட நல்ல பகிடி கிடைக்கவில்லை.

“ஒழுக்கை நிப்பாட்ட ஓட்டை போடுற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்!”

“பாத்தாச்செல்லோ?” துளைப்பானை நிறுத்தாமலே சொன்னாள். “இனிப் போய் வலையைப் பாருங்கோ. அதிலையும் ஓட்டைதான்.”

ஞாயிறு. கோயில் மணி ஓய்ந்ததும் துறை நிறைந்தது. வாளிகள் நிறைந்தன.

மெற்றில்டா யன்னல்களின் கீழ் இருக்கை நீளத்துக்கும் பேப்பர் விரித்தாள். அதன் மேல் சீனியைக் கொட்டினாள். வெறும் சீனி. மூடாத சீனி. திரேசம்மாவின் கடையில் வாங்கியது.

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஊத்துங்கோ” என்றாள்.

வாளி வாளியாய் வந்தது கடல். கண்ணாடிக்கு வெளியே முகங்கள் உருகின. படகு அதிர்ந்தது. அவள் மடியில் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் ஊத்துங்கோ.”

யேசுராசா வேட்டியை மடித்துக்கட்டித் தானே ஒரு வாளியைத் தூக்கினார். கோபத்தோடு ஊற்றினார். பாதி அவர் மேலேயே விழுந்தது. துறையில் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போது கடைசி யன்னலின் மூலையில், உள்பக்கம், ஒரு துளி. மெல்லத் திரண்டது. வெளிச்சம் அதற்குள் தொங்கியது.

புறங்கையால் துடைத்துவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. அவள் கை அசையவில்லை. துடைத்து வென்றால் அது அவளுடைய வெற்றி, பனிமயத்தினுடையது அல்ல.

துளி நடுங்கியது. சட்டத்தில் சறுக்கியது. தவாளிப்பில் விழுந்து, சரிவைக் கண்டு, ஓட்டைக்குள் மறைந்தது.

“இன்னும்!” என்று கத்தினாள் மெற்றில்டா. “இன்னும் ஊத்துங்கோ! கடல் முடியுமட்டும் ஊத்துங்கோ!”

வெளியே, படகின் விலாவில், ஒவ்வொரு யன்னலுக்கும் கீழே மெல்லிய நீர்நூல்கள் வளைந்து வளைந்து கடலுக்கே திரும்பிக்கொண்டிருந்தன.

திரேசம்மாதான் முதலில் உள்ளே வந்தாள். சீனியை விரலால் அளைந்தாள். மணல் போலச் சரசரத்தது. கதவடியில் நனைந்த வேட்டியோடு நின்ற யேசுராசாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“முறை மெற்றில்டாவுக்குத்தானே, தலைவர்?”

அவர் வேட்டியைப் பிழிந்தார். நெடுநேரம் பிழிந்தார். “நான் எப்ப இல்லையெண்டனான்?” என்றார்.

“அப்ப இருங்கோ அண்ணை” என்றாள் மெற்றில்டா. “தேத்தண்ணி போடுறன். சீனிக்குக் குறைவில்லை.”

மாரி வந்தது. நடுக்கடலில், படகறை நிறையச் சனங்களோடு, பனிமயம் மழைக்குள் நுழைந்தது. வெளியே எல்லாம் சாம்பல். உள்ளே குடைகள் மடங்கிக் கிடந்தன. யாரோ ஒருவர் நனையாத இருக்கையில் தலைசாய்த்துத் தூங்கினார்.

மெற்றில்டா சுக்கானை ஒரு கையால் பிடித்தாள். மறுகையால் தன் பக்கத்து யன்னலைத் தள்ளித் திறந்தாள்.

“சாத்து பிள்ளை, மழையெல்லோ!” என்றது பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல்.

அவள் சாத்தவில்லை. முகத்தைக் கொடுத்தாள்.

மழை உள்ளே வந்தது. இந்தமுறை, அவள் கூப்பிட்டு.